கடல் தாண்டும் சரக்கு – 7: ஜீப்புக்கு அடியில் ஒட்டிய மண்

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கும்போது, மட்காடுக்கு உள்ளேயும் ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கிலும் தோட்டத்து மண்ணைச் சுமந்துகொண்டு வருகின்றன. அந்த மண்ணில் விதை இருக்கும், வேர்த்துண்டு இருக்கும், பூச்சி முட்டை இருக்கும். போடியில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தத் தேவையும் இல்லை. அதே ஜீப் மெல்போர்ன் துறைமுகத்தில் இறங்கினால், அங்குள்ள உயிர்ப்பாதுகாப்பு அதிகாரி டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பது அந்த இடுக்குகளைத்தான்.

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் வெளியுலகுக்குப் பெயர் தெரிந்த பொட்டிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து போய் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் ஒருவர், அப்பா ஓட்டிய பழைய மஹிந்திரா ஜீப்பைத் தன்னிடம் கொண்டுபோக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வளைகுடாவில் இருப்பவருக்கு இந்த ஆசை எளிதில் கைகூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வலப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியைப் பதிவு செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் வண்டியின் சுத்தத்தைப் பொறுத்தவரை உலகிலேயே மிகக் கண்டிப்பான நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே தேறுகிற அளவுக்கு ஒரு ஜீப்பைத் தயார் செய்துவிட்டால், வேறு எந்த நாட்டுக்கும் அந்தத் தயாரிப்பு போதும்.

மலைச்சரிவு ஜீப்பின் பூர்வீகமே கப்பல்தான். 1947இல் அமெரிக்காவிலிருந்து 75 வில்லிஸ் ஜீப்புகளுக்கான பாகங்கள் பம்பாய்க்கு வந்து இறங்கின. மஹிந்திரா நிறுவனத்தின் வாகனக் கதை அந்தப் பெட்டிகளிலிருந்து தொடங்குகிறது. முழு வண்டியாக அனுப்பாமல் கழற்றி அனுப்பி இங்கே பூட்டிக்கொள்ளும் முறை அது. இடமும் மிச்சம், உடம்பில் கீறலும் விழாது.

இன்று போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் 2020 தொடக்கத்திலேயே 30 லட்சமாவது ஏற்றுமதிக் காரை அனுப்பிவிட்டது. ஒரகடத்தில் உருவாகும் நிஸான் கார்கள் 2010 முதல் எண்ணூரிலிருந்து கப்பலேறுகின்றன. 2022இல் அந்தக் கணக்கு 10 லட்சத்தைத் தொட்டது. எண்ணூர் துறைமுகத்துக்கு இப்போது காமராஜர் பெயர். அங்கே நிற்கும் கார் கப்பல் பல மாடிக் கட்டடத்தின் உயரம் இருக்கும். பின்புறச் சாய்தளம் வழியாக ஓட்டுநர்கள் ஒவ்வொரு காராக உள்ளே ஓட்டிப்போய், இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையத் திணறும் இடைவெளிதான் விட்டு, நாலு பக்கமும் பெல்ட் போட்டுத் தரையோடு கட்டுகிறார்கள்.

ஆலையிலிருந்து வரும் புதுக் காருக்கு இதெல்லாம் பழகிய வேலை. உடம்பில் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கும், பேட்டரி வடியாமலிருக்க மின்சாதனங்களை உறங்கவைக்கும் ஏற்பாடு இருக்கும், டேங்கில் கொஞ்சம் பெட்ரோல்தான் இருக்கும். சிக்கல் வருவது ஓடிப் பழகிய வண்டியில். அதன் ஒயர் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த மெக்கானிக் எதை எதோடு முறுக்கிவிட்டிருக்கிறார் என்பது சொந்தக்காரருக்கே தெரியாது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் துறைமுகம். 2020 ஜூன் 4. 'ஹோக் சியாமென்' என்ற கப்பலில் 2,420 பழைய வாகனங்கள் ஏற்றி முடிந்து, கப்பல் கிளம்பவிருந்த நேரத்தில் எட்டாவது தளத்திலிருந்து புகை வந்தது. உள்ளே இறங்கிய தீயணைப்பு வீரர்களில் ஒன்பது பேர் வெடிப்பில் காயமடைந்தார்கள். தீ நாள்கணக்கில் எரிந்தது. கப்பலும் சரக்கும் சேர்ந்து 4 கோடி டாலர் நஷ்டம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து வந்தடைந்த காரணம் மிகச் சிறியது: ஏதோ ஒரு பழைய வண்டியின் பேட்டரி ஒயரை முறையாகக் கழற்றவில்லை. கழற்றிய ஒயரின் முனை மறுபடி டெர்மினலைத் தொடாதபடி கட்டிவைக்க வேண்டும் என்பது எழுதிவைத்த நடைமுறை. செய்கிறார்களா என்று யாரும் சரிவரப் பார்க்கவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று, இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். போடி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள எந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் சில நிமிடங்களில் முடிக்கிற வேலை இது. மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றி, அதன் முனையைத் தனியாகச் சுற்றி, பாடியில் படாத இடத்தில் ஓரமாகக் கட்டிவிட வேண்டும். பிளஸ் டெர்மினலுக்கு மூடி போட வேண்டும். பேட்டரி தன் தட்டில் ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மலை ஜீப்புகளில் பேட்டரியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். கடலுக்கு அந்தக் கட்டு போதாது. சரியான கிளாம்ப் வேண்டும்.

தன் ஜீப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் இதைச் செய்வதாக நினைத்துவிடக் கூடாது. 2022இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்த 'ஃபெலிசிட்டி ஏஸ்' சுமார் 4,000 கார்களோடு மூழ்கியது. நல்லவேளை, மாலுமிகள் எல்லோரும் தப்பினார்கள். 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் எரிந்த 'ஃப்ரீமாண்டில் ஹைவே' கப்பலில் இந்திய மாலுமி ஒருவர் இறந்துபோனார். கார் கப்பலின் தளங்கள் தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட கூடங்கள். ஒரு வண்டியில் பற்றியது அடுத்ததற்குத் தாவ நேரமாகாது. கப்பலில் நம் வண்டியோடு மனிதர்களும் பயணம் செய்கிறார்கள். தயாரிப்பின் முதல் நியாயம் அவர்கள்தான்.

அந்த 2023 ஜூலையிலேயே, அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்தில் இன்னொரு கப்பல் எரிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் பலியானார்கள். தானாக ஓடாத பழைய கார்களைத் தள்ளி ஏற்ற ஒரு ஜீப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தள்ளுவதற்கென்று செய்யப்படாத அந்த ஜீப் சூடேறித் தீப்பிடித்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டியை 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்புகிறவர்கள் இந்தச் செய்தியை அறிந்திருப்பது நல்லது. வண்டி சொந்த எஞ்சினில் ஏறி, சொந்த பிரேக்கில் நிற்க வேண்டும். ஆயில் ஒழுக்கு இருந்தால் முன்னதாகவே அடைக்க வேண்டும். டீசலோ பெட்ரோலோ கால் டேங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கடல்வழி ஆபத்துச் சரக்குகளுக்கான சர்வதேச விதிகளிலும் கால் டேங்க் வரம்பு இருக்கிறது. முழுக்க வறட்டிவிடவும் கூடாது, இறங்கிய இடத்தில் ஓட்டி வெளியே எடுக்க வேண்டுமே.

இனி மண். வாட்டர் சர்வீஸில் வழக்கமாகச் செய்வது போல மேலே நுரை போட்டு அடியில் ஒரு சுற்றுத் தண்ணீர் அடித்தால் போதாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, நாலு சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் கழற்றி, மட்காடின் உள்மடிப்பு, சேஸிஸ் குழாயின் உட்புறம், ரேடியேட்டர் வலை, தரைவிரிப்பின் கீழ்ப்பக்கம், பின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷும் அழுத்தத் தண்ணீரும் கொண்டு எடுக்க வேண்டும். ஏலத்தட்டைச் சருகு ஒன்று கிடந்தாலும் ஆஸ்திரேலியாவில் அது தாவரப் பொருள். கழுவிய பிறகு ஜீப் மறுபடி மலை ஏறக் கூடாது. மண் சாலையில் பொட்டிபுரத்துக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடம் காட்டிவிட்டு வருவதும் கூடாது. மெல்போர்னில் இறங்கிய பிறகு அழுக்கு இருந்தால், கழுவும் செலவும் அதுவரை நிறுத்திவைக்கும் வாடகையும் வண்டிக்காரர் தலையில்.

கெடுபிடி வெறும் பிடிவாதமல்ல. 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து வந்த கார் கப்பல்களில் ஒருவகை நாற்றப்பூச்சி இருப்பதைக் கண்டு நியூசிலாந்து அவற்றைத் திருப்பி அனுப்பியது. பழத்தோட்டங்களை அழிக்கும் பூச்சி அது. குளிருக்கு ஒதுங்க இடம் தேடிக் கார் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். நம் பக்கத்திலிருந்து போகும் கண்டெய்னர்களில் ஆஸ்திரேலியா தேடுவது கப்ரா வண்டை. இந்தியத் துணைக்கண்டம்தான் அதன் தாய்வீடு. தானியத்தைத் தின்னும் இந்த வண்டின் புழு, இரை இல்லாமலே கண்டெய்னரின் மரத்தரை இடுக்கில் நீண்டகாலம் உயிரோடு கிடக்கும். காய்ப்புழுவும் த்ரிப்ஸும் ஓர் ஏலத்தோட்டத்தை என்ன பாடுபடுத்தும் என்று அறிந்த போடிக்காரர்களுக்கு, வேறொரு நாட்டு விவசாயியின் இந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பழைய ஜீப்புக்கு இன்னொரு தடை ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை. பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், எஞ்சின் பேக்கிங் ஆகியவற்றில் முன்பெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் சாதாரணம். எனவே அவற்றை மாற்றி, மாற்றியதற்கான ரசீதும், தேவைப்பட்டால் பரிசோதனைச் சான்றும் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்நாட்டு அரசின் இறக்குமதி அனுமதி கைக்கு வந்திருக்க வேண்டும். 25 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு என்பதால் அப்பாவின் ஜீப்புக்கு வழி திறந்திருக்கிறது. அனுமதிக்கு முன்பே கப்பலேற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது மாட்டிக்கொள்ளும் வழி.

ஒற்றை ஜீப்புக்குக் கண்டெய்னர்தான் வசதி. 20 அடிப் பெட்டியின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர், வாசல் உயரம் 2.28 மீட்டர். ஜீப் தாராளமாக நுழையும். கதவைத் திறந்து ஓட்டுநர் வெளியே வர இடமிருக்கிறதா என்று மட்டும் முன்னதாக அளந்துகொள்ள வேண்டும். உள்ளே நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, அந்தக் கட்டைகளை மரத்தரையில் ஆணி அடித்து இறுக்குவார்கள். அந்தக் கட்டைகளும் புகையூட்டியோ சூடேற்றியோ முத்திரை குத்தியவையாக இருக்க வேண்டும். பட்டை உரியாத நாட்டு மரத்துண்டு கூடாது. பெல்ட் போடுவதில்தான் அனுபவம் தெரியும். பாடியையோ சேஸிஸையோ இழுத்துக் கட்டினால், கப்பல் ஆடும்போது ஸ்பிரிங் அமுங்கி நிமிர்ந்து பெல்ட் தளர்ந்துபோகும். சக்கரத்தைக் கட்டினால் வண்டி தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டே இருந்தாலும் சக்கரம் அசையாது. தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டிகளில் பல கொழும்பில் கப்பல் மாறுகின்றன. மாறும்போதெல்லாம் கிரேன் அதைத் தூக்கி இறக்கும். கட்டு அந்த அதிர்ச்சியையும் தாங்க வேண்டும்.

பிறகு ஈரம். பகலில் கொதித்து இரவில் குளிரும் இரும்புப் பெட்டிக்குள் காற்றிலுள்ள ஈரம் கூரையில் வியர்த்துச் சொட்டும். நன்றாக உலர்த்திய ஏலக்காய் பாலிதீன் உறை இல்லாத சாக்கில் கிடந்தால் நமுத்துப் பச்சை வெளிறிப்போவது போல, சரியாக உலராமல் பூட்டிய வண்டியின் சீட்டில் பூஞ்சை பூக்கும், பிரேக் டிரம்மில் துரு ஏறும். வாட்டர் சர்வீஸ் முடிந்து முழுசாக வெயிலில் காயவைத்த பிறகே ஏற்ற வேண்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பெட்டிக்குள் தொங்கவிட வேண்டும். பலர் செய்வது போலத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உரசலில் பெயின்டும் போகும்.

காகிதங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றிய பழைய ஜீப் என்றால், தேனி ஆர்டிஓ அலுவலகத்தில் அதைப் பதிவு செய்யாமல் கஸ்டம்ஸ் வாசலுக்குப் போவதில் பயனில்லை.

இன்சூரன்ஸை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. கடல் சட்டத்தில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: கப்பலைக் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவை, அதில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதிய 'டாலி' கொழும்புக்குக் கிளம்பிய கப்பல். அதன் உரிமையாளர்கள் இந்த முறையைத்தான் அறிவித்தார்கள். மோதலில் சேதமடையாத பெட்டியின் சொந்தக்காரர்களும் ஈட்டுப் பொறுப்புக் கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடியும். கடல் இன்சூரன்ஸ் இருந்தால் அந்தச் சுமையை நிறுவனம் ஏற்கும். இல்லாதவர் சொந்தப் பணத்தை எடுத்துவைக்க வேண்டும்.

கதவு மூடி சீல் வைப்பதற்கு முன் வண்டியை நாலு பக்கமும், அடியிலும், ஸ்பீடோமீட்டர் எண் தெரியவும், கட்டிய பெல்ட்டுகளோடும் தேதி பதிவாகும்படி படம் எடுத்துவைக்க வேண்டும். டேஷ்போர்டில் ஆர்சி நகலோ, பெட்டியில் ஊறுகாய் ஜாடியோ, அம்மா கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலமோ இருக்கக் கூடாது. பட்டியலில் சொல்லாத எந்தப் பொருளும் அங்கே சோதனையை நீட்டும். மெல்போர்னில் பெட்டி திறக்கும் நாளில் இந்தப் படங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, புதுக் கீறலோ நசுங்கலோ தெரிந்தால் டெலிவரி காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதில் எழுதிவிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு நஷ்ட ஈடு கேட்பது கடினமாகிவிடும்.

அடுத்த வாரம்: போடி ஏலக்காய் மூட்டை கொச்சியில் கப்பலேறும் வரை.