டயலில் யாருடைய பெயர்?



பாடசாலை விடுமுறையில் உங்கள் மகன் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, கைமணிக்கூடு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தால் உடனே ஏசிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டானே என்று உங்களுக்குப் பதறும். உலகின் பல நாடுகளில் இளைஞர்கள் விரும்பிச் செய்யும் கைத்தொழில் அது. என்னிடம் ஓதும் மாணவர் சிலருக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. மெஷின், கூடு, டயல், முட்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, இலட்சக்கணக்கில் விலை சொல்லும் மணிக்கூட்டின் தோற்றத்தில் ஒன்றை வீட்டிலேயே பூட்டுகிறார்கள். பெண் பிள்ளைக்கு ஆசை வந்தாலும் தடுக்காதீர்கள். தையல் ஊசியில் நூல் கோத்த விரல்களுக்கு இது இலகுவாகவே வரும்.

நம் மலைநாட்டில் ஒரு காலத்தில் நேரம் என்பது துரையுடைய சொத்து. விடியுமுன் தப்பு முழங்கும். கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு பிரட்டுக்கு ஓடவேண்டும். லயத்து மக்களுக்குச் சொந்த மணிக்கூடு அரிது. 1970களின் இறுதியில் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்புகள் திறந்த பின்னர், தோட்டத்திலும் டவுனிலும் பல வீடுகளுக்கு சீக்கோ வந்து சேர்ந்தது. 1963இல் ஜப்பானில் வெளிவந்த சீக்கோ 5 வரிசைக்கு பற்றரி வேண்டாம், சாவி கொடுக்கவும் வேண்டாம். கை அசைய அசைய உள்ளே ஒரு எடைத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கிவிடும். வளைகுடாவில் விற்ற மணிக்கூடுகளில் கிழமையை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாற்றி வைக்கலாம். சில வீடுகளில் பிள்ளைகள் அரபுக் கிழமைப் பெயர்களை அதைப் பார்த்தே படித்துக்கொண்டார்கள்.

இன்று பிள்ளைகள் வாங்கிப் பூட்டுவதும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்து மெஷின்தான். என்எச்35 என்பது அதன் பெயர். 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்புகள். முழுதாக முறுக்கிக் கழற்றி வைத்தால் சுமார் 41 மணித்தியாலம் ஓடும்.

வேலையில் நுணுக்கமான இடம் முட்களைப் பொருத்துவது. முதலில் டயலைப் பொருத்தி, திகதி மாறும் கணம் வரை சாவிக் குமிழைத் திருகவேண்டும். திகதி 'டக்' என்று மாறியதும் மணி முள்ளைச் சரியாக 12இல் வைத்து அழுத்தவேண்டும். பிறகு நிமிட முள், கடைசியில் விநாடி முள். முன்பின்னாக வைத்தால் நண்பகலில் திகதி மாறும்! முட்கள் ஒன்றையொன்று உரசாமல் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பார்க்கவேண்டும். வெறும் விரலால் டயலைத் தொட்டால் ரேகை பதிந்துவிடும். இடுக்கி, ரப்பர் காற்றூதி, மலிவான உருப்பெருக்கிக் கண்ணாடி, இவ்வளவே ஆரம்பத்துக்குப் போதும்.

ஆனால் நம் ஊரில் ஒரு தனிச் சோதனை உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மழையும் பனிமூட்டமும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஈரக் காற்று வீசும் மாலையில் கூட்டை மூடினால் அந்த ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும். இரவுக் குளிரில் கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கும். சில மாதங்களில் முள்ளிலும் திருகாணியிலும் துரு. ஆகவே மழை விட்ட வெயில் நாளில், நண்பகலில் மூடச் சொல்லுங்கள். கேத்தில் கொதிக்கும் குசினியில் வேண்டாம். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறிந்துவிடாதீர்கள். புதியதாக இருந்தால் உதிரிப்பாகங்களோடு மூடிய டப்பாவில் போட்டு வைக்க உதவும். பின்மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசவேண்டும். அப்படியிருந்தும் கடையில் அழுத்தச் சோதனை செய்யாத மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வுழூச் செய்ய வேண்டாம், கழற்றி வைத்துவிடட்டும்.

பாட்டனாரின் பழைய மணிக்கூட்டை மட்டும் பிள்ளையிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள். 1960களுக்கு முந்திய, எழுத்துகள் இருட்டில் ஒளிரும்படி செய்த மணிக்கூடுகள் பலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் 1910களிலும் 1920களிலும் டயலுக்கு இந்தப் பூச்சுப் பூசிய இளம் பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகி இறந்தவர்கள் பலர். அந்தத் தூள் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

இனி தலைப்புக்கு வருகிறேன். உதிரி விற்பவர்களிடம் வெறும் டயலும் கிடைக்கும். புகழ்பெற்ற சுவிஸ் கம்பனியின் பெயரும் சின்னமும் அச்சிட்ட டயலும் கிடைக்கும். தோற்றம் ஒத்திருப்பது வேறு, பெயரை ஒட்டுவது வேறு. அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போகும் வீட்டில் கையை நீட்டிப் பேசுவதும், டவுனில் ஒருவருக்கு அசல் என்று விற்பதும் மோசடி. மார்க்கம் அதை என்னவென்று சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். நாட்டுச் சட்டமும் விடாது; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி போலி வியாபாரக் குறி தண்டனைக்குரிய குற்றம். ஆகவே மேசைப் பக்கம் போகும்போது டயலை எட்டிப் பாருங்கள். பெயரில்லாத டயல் அழகாகவே இருக்கும். அரபு இலக்கங்கள் எழுதியது இன்னும் அழகு என்பது என் கட்சி.

ஆண் பிள்ளைக்குத் தங்கம் ஆகாது என்பதால் தாய்மாருக்கு இன்னொரு கவலை. இன்று மலிவாக வரும் பொன்னிறக் கூடுகள் பலவற்றில் தங்கம் அறவே இல்லை. டைட்டேனியம் நைத்திரைட்டு என்ற பூச்சும் அந்த நிறத்தைத் தரும். சிலவற்றில் மெய்யான தங்க முலாம் உண்டு. முலாமைப் பற்றிப் பிக்ஹு நூல்களில் நீண்ட பேச்சு இருக்கிறது. துருப்பிடிக்காத உருக்கைத் தெரிவு செய்தால் அந்தப் பேச்சுக்கே வேலையில்லை. உருக்கு என்றால் தாழ்வு என்று பிள்ளை முகம் சுளித்தால் ஒரு செய்தி சொல்லுங்கள். பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கும் 'ரோயல் ஓக்' 1972இல் வெளிவந்தபோது உருக்கால்தான் செய்யப்பட்டது. எட்டு மூலை, எட்டுத் திருகாணி. ஜெரால்ட் ஜென்டா வரைந்த அந்த வடிவத்தைத்தான் இன்று பிள்ளைகள் பார்த்துப் பார்த்துப் பூட்டுகிறார்கள்.

பூட்டி முடித்ததும் தொலைபேசி நேரத்தோடு ஒத்து வைத்து ஒரு வாரம் பார்க்கட்டும். இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடையில் திகதியைக் கையால் மாற்றக் கூடாது; பற்சக்கரம் உடையலாம். இந்த மெஷின் நாளொன்றுக்கு 20 விநாடி பிந்தவோ 40 விநாடி முந்தவோ செய்யலாம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். நாளுக்கு 40 என்றால் வாரத்துக்கு நான்கரை நிமிடத்துக்கும் மேல். வாரத்தில் ஒருநாள், ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் சரிசெய்துகொண்டால் போதும். ரமழானில் நோன்பு திறப்பதற்கு மட்டும் மகனின் மணிக்கூட்டைப் பார்க்காமல் பாங்கைக் கேளுங்கள்.