கண்ணைக் கட்டினால் குட்டு உடையும்!

பூந்தமல்லியை அடுத்த ஊர் பாரிவாக்கம். அங்கே ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலை. தாத்தா காப்பி குடிக்கிறார். பேத்தி போனில் விளையாடிக் கொண்டு இருக்கிறாள்.

"இதுவும் ஒரு கம்ப்யூட்டரா? எங்கள் காலத்துக் கம்ப்யூட்டர் போல வருமா?" என்று தாத்தா பெருமூச்சு விடுகிறார். இன்னொரு மடக்கு குடிக்கிறார். "காப்பியும் அப்படித்தான். சிக்கரி கலந்ததா, கலக்காததா என்று கண்ணைக் கட்டிக் கொண்டே நான் சொல்வேன்" என்கிறார்.

பேத்தி துள்ளி எழுகிறாள். "தாத்தா, துண்டைக் கொண்டு வரட்டுமா?"

எட்டு டம்ளர் கணக்கு

கண்ணைக் கட்டிச் சோதிப்பது வெறும் விளையாட்டு அல்ல. அதற்கும் கணக்கு உண்டு.

இங்கிலாந்தில் ரொனால்டு பிஷர் என்ற புள்ளியியல் மேதை இருந்தார். ஒரு பெண்மணி அவரிடம், "கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, டீயை ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்வேன்" என்றார். இதற்குச் சோதனை என்ன? பிஷர் 1935-ல் எழுதிய புத்தகத்தில் விளக்கினார்.

மொத்தம் 8 கோப்பை. நாலில் பால் முதலில். நாலில் டீ முதலில். இடம் மாற்றிக் கலைத்துக் கொடுக்க வேண்டும். சும்மா குருட்டாம்போக்கில் சொன்னால், எட்டும் சரியாக அமைவதற்கு 70-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு! இரண்டே கோப்பை வைத்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது சோதனையே ஆகாது.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். காப்பி-சிக்கரிப் பொடியில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கச் சட்டம் இடம் தருகிறது. எவ்வளவு என்று பொட்டலத்திலேயே அச்சிட்டு இருப்பார்கள். 4 டம்ளர் கலந்தது, 4 டம்ளர் கலக்காதது. ஒருவர் ஊற்ற வேண்டும். எது எது என்று தெரியாத இன்னொருவர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுப்பவரின் சிரிப்பே காட்டிக் கொடுத்துவிடும்!

ஏப்ரல் 23

ஏப்ரல் 23-ந் தேதி இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனது.

1985-ம் ஆண்டு அதே நாளில் அமெரிக்காவில் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் ருசியை மாற்றியது. அதற்கு முன் சுமார் 2 லட்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்து இருந்தது. புதிய ருசியே மேல் என்று பலர் சொன்னார்கள். ஆனால் நடந்தது என்ன? "எங்கள் பழைய பானம் எங்கே?" என்று ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். 79 நாளில் பழைய பானம் திரும்பி வந்தது!

நாக்கு புதியதைக் கேட்டது. மனசு பழையதைக் கேட்டது. மனசு ஜெயித்தது!

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1982-ம் ஆண்டு அதே ஏப்ரல் 23-ந் தேதி, இங்கிலாந்தில் ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டர் அறிமுகம் ஆனது. சிங்ளேர் கம்பெனி செய்தது. அதன் வம்சத்தில் வந்த "ஸ்பெக்ட்ரம் பிளஸ்" கம்ப்யூட்டரை 1986-ல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் இந்தியாவில் விற்றது. நம் தாத்தா வாலிபத்தில் கண்டு மயங்கியது அதைத்தான்.

டேப்பில் ஏறிய விளையாட்டு

அது எப்படி இருக்கும்? பார்த்தால் வெறும் பொத்தான் பலகை. தனித் திரை கிடையாது. வீட்டு டெலிவிஷன் பெட்டிதான் திரை. பாட்டுக் கேட்கும் டேப் ரிகார்டரில் கேசட்டைப் போட வேண்டும். "கீ... கிர்ர்ர்" என்று காது கூசும் சத்தம் வரும். ஒரு விளையாட்டு ஏறச் சுமார் 5 நிமிடம் ஆகும். நடுவில் தவறினால் மறுபடியும் முதலில் இருந்து! கரண்டு போனால் போட்டது எல்லாம் போச்சு.

அதன் நினைவு 48 கிலோபைட். பேத்தியின் போனில் 4 கிகாபைட் என்றால், அது சுமார் 87 ஆயிரம் மடங்கு அதிகம்!

தாத்தாவின் கட்சி தோற்றுவிட்டதே! பிறகு ஏன் அதை நினைத்து ஏங்குகிறார்?

காரணம் உண்டு. அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டால் படம் வராது. பாட்டு வராது. வெறும் திரை வந்து நிற்கும். "நீ சொல், நான் செய்கிறேன்" என்று காத்து இருக்கும். இரண்டு வரிக் கட்டளை எழுதினால் போதும். உங்கள் பெயர் திரை முழுவதும் வரிசை வரிசையாக ஓடும். திரை நிரம்பியதும், "இன்னும் உருட்டவா?" என்று உங்களையே கேட்கும்! எஜமான் நீங்கள். அது வேலைக்காரன்.

இன்று பல பிள்ளைகளின் கையில் போன் எஜமானாகிவிட்டது. அது காட்டுகிறது. பிள்ளை பார்க்கிறது.

போனில் ஓடும் பழைய ரத்தம்

அதற்காகப் போனைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

1984-ல் நம் நாட்டுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் சொல்லித்தர மத்திய அரசு "கிளாஸ்" என்ற திட்டம் தொடங்கியது. அதற்கு வந்த கம்ப்யூட்டர் "பி.பி.சி. மைக்ரோ". ஏகார்ன் என்ற கம்பெனி செய்தது. அதே கம்பெனி 1985-ல் "ஆர்ம்" என்ற புதுச் சில்லைச் செய்தது. முதல் சில்லை ஒரு பி.பி.சி. மைக்ரோவுடன் இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் குலத்தில் வந்த சில்லுதான் இன்றைய செல்போன்களில் இருக்கிறது!

இன்னொன்று. பழைய ஸ்பெக்ட்ரம் போலவே நடிக்கும் புரோகிராம்கள் போனுக்கு உண்டு. பொத்தானை மறைத்துத் திரையை மட்டும் காட்டினால், அசல் எது, நடிப்பு எது என்று தாத்தாவே திணறுவார். அப்படியானால் பழைய ருசி பெட்டியில் இல்லை. நாமே செய்து பார்த்ததில் இருந்தது. அதைப் பேத்தியும் அடையலாம். கட்டளை எழுதக் கற்றுக் கொள்ள இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன.

ஆகவே, பிள்ளைக்குக் கம்ப்யூட்டரோ போனோ தவணையில் வாங்கும் முன் நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். பெட்டியின் மேல் உள்ள பெயரை மறந்துவிடுங்கள். விளம்பரத்தையும் மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் இருப்பதை ஒரு மணி நேரம் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பிறகு, "கண்ணு, என்ன பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பணம் வீண் இல்லை. தெரியாவிட்டால், விலை கூடிய பெட்டி வாங்கினாலும் பதில் வராது. கூட உட்கார்ந்து நீங்கள் சொல்லிக் கொடுத்தால் வரும்.

அது சரி, தாத்தா என்ன ஆனார்?

எட்டு டம்ளரும் காலி. தாத்தா துண்டை அவிழ்த்தார். "கடைசி டம்ளர்தான் அசல்! அதுதான் எங்கள் காலத்து ருசி!" என்றார்.

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அது சிக்கரி கலந்தது!

பாட்டி விட்டுக் கொடுக்கவில்லை. "சிரிக்காதே அம்மா. உன் தாத்தா முப்பது வருஷமாக அதைத்தான் குடிக்கிறார்" என்றார்.