வெட்டும் கணங்கள் – 7: எட்டாவது குழுவுக்கு இடமில்லை

எர்டேஷ், கோ, ராடோ மூவரும் 1938இல் கண்டு 1961இல்தான் வெளியிட்ட தேற்றம் சென்ற இதழிலேயே பேசப்பட்டுவிட்டதால் இங்கு ஒரு வரி போதும்: லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றின் ஏழு ஆசிரியர்களைக் கொண்டு, எந்த இரு குழுவுக்கும் ஒருவராவது பொதுவாக இருக்கும்படி மும்மூவர் குழுக்களை அமைத்தால் 15க்கு மேல் அமைக்க இயலாது. இத்தேற்றத்திற்கு கடோனா 1972இல் தந்த வட்ட நிரூபணம் இந்த வாரம் வருவதாக இருந்தது; ஆர். சி. போஸ் குறுக்கிட்டுவிட்டார்.

'ஒருவராவது' என்பதைச் 'சரியாக ஒருவர்' என்று இறுக்கினால், 15 என்ற வரம்பு ஒரே அடியாக 7க்கு இறங்குகிறது. ஆசிரியர்களுக்கு 1 முதல் 7 வரை எண்ணிட்டால், 123, 145, 167, 246, 257, 347, 356 ஆகிய ஏழு குழுக்களும் நிபந்தனைக்கு உட்படுகின்றன, எட்டாவதற்கு இடமில்லை. இதன் மூலம் வேளாண் சோதனைகளில் இருக்கிறது. எந்த இரு பயிர் ரகமும் சம எண்ணிக்கையிலான பாத்திகளில் சேர்ந்து வரும்படியும், எந்தப் பாத்தியிலும் எல்லா ரகங்களும் இடம்பெறாதபடியும் சோதனையை வகுத்தால், பாத்திகள் ரகங்களைவிடக் குறையா என்று ஆர். ஏ. ஃபிஷர் 1940இல் காட்டினார். ரகத்தைக் குழுவாகவும் பாத்தியை ஆசிரியராகவும் கொண்டால் இரண்டும் ஒரே கணக்காகிவிடும்.

போஸ் 1949இல் இதற்குத் தந்த நிரூபணம், எண்ணும் வேலையை அணிகளின் இயற்கணிதத்திடம் ஒப்படைத்தது. அதன் கருத்தை இன்று வழங்கும் வடிவில் சொன்னால், ஒவ்வொரு குழுவும் ஏழு இடங்கள் கொண்ட ஒரு வரிசை. உறுப்பினருக்கு 1, மற்றவருக்கு 0. இரு வரிசைகளை இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டினால் பொது உறுப்பினர் எண்ணிக்கையான 1 வரும்; ஒரு வரிசையை அதனாலேயே பெருக்கினால் 3 வரும். இவ்வரிசைகளில் ஒன்று பிறவற்றின் கூட்டாக அமையுமானால், அனைத்தும் சுழியாகாத சில கெழுக்களால் பெருக்கிக் கூட்டும்போது வெற்று வரிசை கிடைக்க வேண்டும். அவ்வெற்று வரிசையை அதனாலேயே பெருக்கினால், கெழுக்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமும், கெழு வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் இருமடங்கும் சேர்ந்து சுழியாக வேண்டும். வர்க்கங்கள் குறை எண்ணாகா என்பதால் எல்லாக் கெழுவும் சுழியே, இது முரண். ஆகவே வரிசைகள் ஒன்றையொன்று சாராதவை. ஏழு இடங்களில் அத்தகையவை ஏழுக்கு மேல் இரா.

ஹோசங்காபாத்தில் 1901இல் பிறந்த போஸ் அடிப்படையில் வடிவியலாளர்; கொல்கத்தாக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவரை இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு இழுத்தவர் மகாலனோபிஸ். குழுக்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற தளையை குலேந்திர மஜும்தார் 1953இல் நீக்கினார். போஸின் மாணவரான ராய்-சௌத்ரி, வில்சனுடன் சேர்ந்து 1975இல் இவ்வழியை வெகுதூரம் கொண்டுசென்றார். பாடநூல்கள் எர்டேஷுக்குத் தரும் இடத்தில் பாதியையேனும் போஸுக்குத் தருவதே நியாயம்.

கடோனாவின் வட்டம் அடுத்த இதழில். அதற்குள் வாசகர்கள் ஆறு ஆசிரியர்களை வைத்து முயன்று பார்க்கலாம்: ஃபிஷரின் வரம்பு ஆறு குழுக்களை அனுமதித்தாலும், சரியாக ஒருவர் பொதுவாக வரும் மும்மூவர் குழுக்கள் நான்குக்கு மேல் அமையவே மாட்டா.