யோகா சர்டிஃபிகேட் ரெடி, கிளாஸ் எங்க எடுக்கறது?

ஐடி வேலையில் இருக்கும் ஒரு கிளையன்ட், ஆறு மாசம் முன்னாடி ஒரு வாடகை ஒப்பந்தத்தோடு என் ஆபீஸுக்கு வந்தார். 200 மணி நேர யோகா டீச்சர் டிரெய்னிங் முடிச்சாச்சு. வேளச்சேரியில் ஒரு ஹால் பார்த்தாச்சு. வாடகை 25,000, பத்து மாச அட்வான்ஸ் 2.5 லட்சம். அதுக்கு பர்சனல் லோன். "சார், கையெழுத்து போடலாமா?"

"இப்ப எத்தனை ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்க?"ன்னு கேட்டேன். ஒருத்தர்கூட இல்லை.

ஆளுக்கு மாசம் 1,000 ரூபாய் ஃபீஸ்னு வைங்க. 25 பேர் சேர்ந்தால்தான் வாடகைக்கே சரியாப் போகும். கரன்ட் பில், இஎம்ஐ எல்லாம் அதுக்கு மேல. புதுசா ஆரம்பிக்கிறவங்க இடம் பிடிச்சுட்டு ஆள் தேடக்கூடாது. ஆட்கள் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நீங்க போங்க.

முதல்ல உங்க அபார்ட்மென்ட். பார்ட்டி ஹால் காலை 6 மணிக்கு சும்மாதானே கிடக்குது? அசோசியேஷன் செகரட்டரியைப் பார்த்துப் பேசுங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு நடத்தி, வந்தவங்ககிட்டயே பெயர் வாங்குங்க. 12 பேர் சேர்ந்தா 12,000. ஹாலுக்கு 2,000 கொடுத்தாலும் 10,000 கையில் நிக்கும். அட்வான்ஸ் இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை. ஃபீஸை மட்டும் மாச ஆரம்பத்திலேயே வாங்கிடுங்க. ஜனவரியில் ரெசல்யூஷனோட வர்ற கூட்டம் மார்ச்சில் இருக்காது. (அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்.)

அடுத்தது ஜிம், யோகா ஸ்டுடியோ. நேரா வேலை கேட்டால் "சொல்றோம்"பாங்க. "உங்க டீச்சர் லீவு போடற அன்னைக்கு நான் வர்றேன்"னு சொல்லி நம்பர் கொடுத்துட்டு வாங்க. உள்ளே நுழைய அதுதான் சுலபமான வழி. ஆள் வராத நாளுக்கும் காசு உண்டான்னு முதலிலேயே கேட்டுடுங்க.

ஜூன் 21 யோகா தினம். கம்பெனிகள் அன்னைக்கு ஒரு செஷனுக்குக் கூப்பிடும், பாதிப் பேர் இலவசமா கேட்பாங்க. மே மாசமே ஹெச்ஆருக்கு மெயில் போட்டு, ஒரு நாளோட சேர்த்து ஒரு மாச வகுப்புக்கும் ரேட் கொடுங்க. கம்பெனி, ஸ்கூல் பக்கம் போறதா இருந்தா, ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் யோகா சர்டிஃபிகேஷன் போர்டு தேர்வு எழுதி வைப்பது நல்லது.

நம்ம கிளையன்ட் கையெழுத்து போடலை. டோக்கனா கொடுத்த 10,000 திரும்பி வரலை. இப்போ அவரோட அபார்ட்மென்ட்டிலேயே 9 பேர் வர்றாங்க.

இனி டாக்ஸ். இந்த வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது, 3 அல்லது 4-க்குப் போகணும். ஜிம் வருஷத்துக்கு 50,000-க்கு மேல் கொடுத்தா 10% டிடிஎஸ் பிடிக்கலாம், 26ஏஎஸ் பாருங்க. டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 தாண்டினா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. பழைய வரி முறையில் இருக்கறவங்க ரொம்பக் கவனமா இருங்க. சம்பளம் மட்டும்னா வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருந்தா, பழையதிலிருந்து புதுசுக்கு ஒரு தடவைதான் திரும்பலாம். அந்த வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது.

முதல் வகுப்புக்கு முன்னாடி உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிங்க. வெளியே வேலை செய்யக்கூடாதுன்னு இருந்தா, மேனேஜர்கிட்ட வாய்வார்த்தையா கேட்டது செல்லாது, ஹெச்ஆர்கிட்ட மெயில்ல அனுமதி வாங்குங்க.