உங்களுக்குத் தெரியுமா? அஜாக்ஸ்: ஒரு பெயர், மூன்று களம்

பதினோரே கோடுகளில் ஒரு கிரேக்க வீரனின் முகம்! ஆம்ஸ்டர்டாமின் அஜாக்ஸ் கால்பந்து அணிக்கு 1990-இல் வந்த சின்னம் அது. ஆட்டக்காரர்கள் 11 பேர், ஆளுக்கொரு கோடு.

• 1900-இல் பிறந்த அணி. யோகான் கிரைஃப் ஆடிய காலத்தில் 1971, 1972, 1973 என அடுத்தடுத்து மூன்று ஐரோப்பியக் கோப்பைகள்.

• சின்னத்தில் உள்ள அந்த வீரனின் பெயரும் அஜாக்ஸ்தான். கிரேக்கப் புராணக் கதையின் டிராய் போரில் அவன் கேடயம், ஏழு அடுக்கு மாட்டுத்தோலின் மேல் வெண்கலம் போர்த்தியது. டிராய் இளவரசன் ஹெக்டருடன் நேருக்கு நேர் மோதினான். வெற்றி தோல்வி இல்லை. பிரியும்போது இருவரும் பரிசு மாற்றிக்கொண்டார்கள். ஹெக்டர் தந்த அதே வாளால்தான் பின்னாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். கதையில் மனதை உலுக்கும் இடம் இதுதான்.

• 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் ஓர் இணைய நுட்பத்துக்கும் இப்பெயரைச் சூட்டினார். முழுப் பக்கமும் மறுபடி ஏறாமலே, கூகுள் வரைபடம் இழுத்த இழுப்புக்கு நகர்ந்தது அந்த நுட்பத்தால்தான்.