அருவியில்லா நிலத்தில் அருவியாறு

மன்னார்த் தீவின் எந்த மூலையில் நின்று நோக்கினும் மலையென ஒன்று கண்ணுக்குத் தென்படுவதில்லை. மணலும், பனையும், உடைமரமும், உவர்நிலமும், இவற்றைச் சூழ்ந்த கடலுமே காட்சி. இத்தகைய நெய்தல் நிலத்திலிருந்து மாணவர்க்குக் குறிஞ்சியின் கருப்பொருள் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையும் என்று நூலோர் வகுத்தனர். நெய்தலுக்கு மணற்கேணியும் உவர்க்கேணியும் என்றனர். கேணி மாணவர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. அருவியோ நூலில் மட்டுமே இருக்கிறது.

ஆதலின், இக்காலத்து இளைஞர் விடுமுறை வந்ததும் மலைநாடு நோக்கிப் புறப்படுதல் இயல்பே. 263 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் பம்பரகந்தையையும், 220 மீற்றர் உயரமுடைய தியலுமவையும் நடந்து சென்று கண்டு, படம்பிடித்து மீள்கின்றனர். அப்படங்களை எனக்கும் காட்டுகின்றனர். யானும் மகிழ்ந்தே காண்கிறேன். ஆயினும் அவர்களிடம் வினவுவதற்கு என்னிடம் ஒரு வினா உண்டு. "தம்பி, எங்கள் மாவட்டத்து ஆற்றின் பெயர் என்ன?" என்பேன். "அருவியாறு, ஐயா" என்பர். "அந்த அருவி எங்கே?" என்றால் வாய்திறவார்.

அருவியாறு சிறிய ஆறன்று. நீளத்தால் இலங்கையில் மகாவலிக்கு அடுத்தது; 164 கிலோமீற்றர் ஓடுவது. சிங்கள மக்கள் இதனை மல்வத்து ஓயா, அதாவது பூந்தோட்டத்து ஆறு, என்பர். மகாவம்சம் கூறும் கடம்ப நதியும் இதுவே. அநுராதபுரத்தைத் தொட்டு வந்து, அரிப்பினை அடுத்து நம் கடலொடு கலக்கிறது.

பெயரைச் சிறிது ஆராய்வோம். இன்று நாம் பெரிதும் வழங்கும் நீர்வீழ்ச்சி என்னும் சொல் ஆங்கிலத்தை ஒட்டி ஆக்கப்பெற்றது; அருவி என்பதே தொன்மையானது. மலையாளத்தார் இன்றும் ஓடையை அருவி என்பர். வீழும் நீரை வெள்ளச்சாட்டம் என வேறாகக் கூறுவர். ஆகவே, ஒழுகும் நீருக்கும் வீழும் நீருக்கும் அருவி பொதுவாய் நின்றதெனக் கொள்ளுதல் பொருந்தும். நம் உழவர் நெற்கதிர் அறுத்தலையும் அருவி வெட்டு என்பர். அஃது அரிதல் என்னும் வினையடியாகப் பிறந்து திரிந்த வேறு சொல். பிறப்பால் வேறாயினும், இந்நிலத்தில் முதல் அருவி இல்லையேல் இரண்டாம் அருவியும் இல்லை.

அஃது எவ்வாறெனக் காண விழைவோர் தேக்கத்துக்கு நடத்தல் வேண்டும். குஞ்சுக்குளத்துப் பக்கம், அருவியாற்றின் குறுக்கே பண்டையோர் கல்லணை ஒன்று அமைத்தனர். நீரைத் தேக்கியதால் அவ்விடத்துக்குத் தேக்கம் என்றே பெயர். அங்கே தடுக்கப்பட்ட நீர் வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்தை அடைகிறது. அக்குளமே மன்னார்ப் பெருநிலத்து வயல்களுக்கு உயிர். வாய்க்கால் கொண்டது போக எஞ்சிய நீர் அணையின் மேலாக வழிந்து வீழ்கிறது. மன்னாரின் அருவி இதுவே.

மாரி ஓய்ந்த தை மாதமொன்றில் மாணவர் அறுவருடன் அங்குச் சென்றேன். கரையெங்கும் மருத மரங்கள் வேர்களை நீருள் இறக்கி நின்றன. அணை கண்ணுக்குத் தோன்றுமுன்னரே ஓசை கேட்டது. "ஐயா, கடல் இரையிற மாதிரி இருக்கு" என்றான் வங்காலை மாணவன் ஒருவன். குறிஞ்சிக்குரிய ஒலிக்கு நெய்தல் மகன் கூறிய அவ்வுவமையை யான் பெரிதும் சுவைத்தேன்.

படப்பெட்டி கொணர்ந்த மாணவன் அதனை முக்காலியில் நிறுத்தி இருவகையாகப் படம் எடுத்தான். கருவியின் கண் ஒரு வினாடியில் நாலிலொரு பங்கு நேரம் திறந்திருந்தபோது, வீழும் நீர் வெண்டுகிலாகப் பதிந்தது. ஆயிரத்திலொரு பங்கு மட்டுமே திறந்து மூடியபோது, துளிகள் தனித்தனி முத்துகளாக வானில் நின்றன. 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடித் தகட்டிற் படமெடுத்தோர்க்குப் பல வினாடிகள் வேண்டியிருந்தன. அவர் எடுத்த அருவிகள் புகைபோலத் தோன்றுவது அதனாலேயே. நம் கண் இவ்விரண்டையும் இவ்வாறு பிரித்துக் காண்பதில்லை. புலவரோ இரண்டையும் கண்டனர். திருமுருகாற்றுப்படையின் இறுதியிற் பழமுதிர்சோலை அருவிக்கு நக்கீரர் அசையும் துகில்களை உவமை கூறினார்; அருவித் துளிக்கு முத்தை உவமித்தோர் பலர். இரு சாராரும் பொய் கூறவில்லை என்பதற்குக் கருவி இன்று சான்று பகர்கின்றது.

அங்குச் செல்வோர் அணையின்மேல் ஏறி நின்று படம்பிடிக்க முயலலாகாது. பாசி படிந்த கல் காலை வாங்கிவிடும். மேலும், ஆற்றின் தலைப்பக்கத்தில் மழை பெய்யுமாயின், இங்கு வானம் வெளுத்திருக்கும் வேளையிலேயே வெள்ளம் வந்துவிடும்.

ஓர் அருவி என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. தலவாக்கலையை அடுத்த சென் கிளயர் அருவியின் நீர், மேல் கொத்மலை மின் திட்டத்துக்காகத் திருப்பப்பட்டது. அத்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின், காண்போர் பொருட்டுப் பகலில் அளவிட்டு விடும் நீரே அங்கு வீழ்கிறது. அங்கே மனிதன் நீரைக் கொண்டான், அருவி மெலிந்தது. தேக்கத்திலோ மனிதன் கல்லை அடுக்கினான், அருவி பிறந்தது. ஆயினும் இதுவும் நிலையானதன்று. மழை பொய்த்த ஆண்டில் எஞ்சும் நீர் இல்லை. அணை வெறுங்கல்லாய் வெயிலிற் காய்கிறது. அவ்வாண்டு வயலிலும் அருவி வெட்டுக் குறையும்.

எனவே மாணவர்க்கு யான் கூறுவது இது: அழகுக்காக மட்டும் படம் எடாதீர். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு மறுநாள், ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை நோக்கித் தேக்கத்தைப் படம்பிடியுங்கள். படத்தின் பின்னே நாளையும், நீர் எக்கல்லளவு நின்றது என்பதையும் எழுதுங்கள். அவற்றைப் பள்ளி நூலகத்திற் சேர்த்து வையுங்கள். பத்தாண்டுப் படங்களை வரிசையாக அடுக்கினால், நம் ஆறு வளர்கிறதா, தேய்கிறதா என்பதை எவரும் கண்டுகொள்ளலாம்.

இஃது ஏன் வேண்டுமென்று ஐயுறுவோர் அரிப்புக் கரைக்குச் செல்க. 1801 முதல் 1804 வரையில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் அங்கு மாளிகையொன்று கட்டுவித்தார். கடல் அதனைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோக, இன்று சில சுவர்களே எஞ்சியுள்ளன. அது முன்பு எவ்வளவு இருந்தது என்பதை இன்று நமக்குச் சொல்பவை பழைய படங்களே. மாளிகை போயிற்று, அதனால் எவரும் பசித்திலர். ஆறு போமாயின் ஊரே பசிக்கும்.