ஈன்றவளின் கண்ணீர் ஈமானின் குறையன்று

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் ஒரு பெண்மணியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அன்னை மர்யம் (அலை) அவர்கள், துணைக்கு ஒருவருமின்றி, தொலைவான ஓரிடத்தில், பேறுகால வேதனையால் உந்தப்பட்டு ஒரு பேரீச்ச மரத்தின் அடியில் வந்து சாய்ந்த வரலாற்றை அது எடுத்துரைக்கின்றது. அவ்வேளையில் அவர்களின் நாவிலிருந்து எழுந்த சொற்கள் யாவை? இதற்கு முன்பே தாம் இறந்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கலாகாதா என்றே அவர்கள் புலம்பினார்கள். அகிலத்துப் பெண்களினும் மேலானவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று இறைவனே சிறப்பித்துக் கூறிய ஒருவரின் புலம்பல் அது!

அன்பார்ந்த வாசகர்களே! அதற்கு வந்த மறுமொழியைச் சற்றே ஆழ்ந்து நோக்குங்கள். நம்பிக்கை குன்றியவர் என்று அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை. கவலைப்பட வேண்டாம் என்னும் ஆறுதலே முதலில் வந்தது. பின்னர், காலடியில் ஓடும் நீரோடை. கையெட்டும் மரத்தில் கனிந்த பேரீச்சம் பழம். உண்டு, பருகி, கண்குளிர்ந்திருக்குமாறு அறிவுரை. அதன் மேலும், ஊராரின் கேள்விகளுக்கு விடை கூறும் பாரத்திலிருந்து விடுதலை. ஆறுதல், உணவு, ஓய்வு, அமைதி ஆகிய நான்கும் ஈன்றவளுக்கு உடனே அளிக்கப்பட்டன. அறிவுரைக் கண்டனம் ஒன்றும் அளிக்கப்படவில்லை.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? பிள்ளை பெற்ற பெண் காரணமின்றி அழுதால், "முதலில் தொழுகையைப் பேணு" என்கின்றார் ஒருவர். "கண்ணேறு பட்டுவிட்டது" என்கின்றார் மற்றொருவர். "நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்று கேட்பவரும் உண்டு. அவளுக்கு ஒரு நோய் வந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை.

பேறு முடிந்த மூன்றாம், நான்காம் நாளில் தாய்மார் பலருக்கும் மனம் கலங்குவதும், கண்ணீர் பெருகுவதும் இயல்பு. அது பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும். அவ்வாறு தணியாமல் வாரக்கணக்கில் நீடிப்பதே மனச்சோர்வு நோய். குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது. உணவில் நாட்டம் இராது. பெற்ற பிள்ளையின் மீதே பற்று எழாது. தான் ஒரு தகுதியற்ற தாய் என்ற குற்ற உணர்வு அரித்துக்கொண்டே இருக்கும். வாழ்வு வேண்டாம் என்ற எண்ணமும் சிலருக்குத் தலைதூக்கும். உலகில் மகப்பேறு கண்ட பெண்களில் 100க்கு 13 பேர் அளவில் மனநலக் குறைபாட்டால், அதிலும் பெரும்பாலும் மனச்சோர்வால், துன்புறுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இது பிற நாட்டுச் செய்தி அன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் அம்மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமப் பெண்களிடையே நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கருவுற்ற இறுதி மாதங்களில் 359 பெண்களைக் கண்டு, மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 100க்கு 11 பேர் எனத் தெரிந்தது. அதற்குத் துணையான காரணங்களையும் அவர்கள் கண்டறிந்தனர். குறைந்த வருவாய், மாமியாருடனோ பெற்றோருடனோ பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், வீட்டு வேலைக்குக் கைகொடுப்பார் இன்மை ஆகியவற்றோடு, ஆண் மகவை விரும்பியிருந்தபோது பெண் மகவு பிறந்ததும் ஒரு காரணமாக இருந்தது.

இந்த இறுதிக் காரணத்தைப் படிக்கும் முஸ்லிமின் உள்ளம் நடுங்க வேண்டாவா? பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகும் அறியாமைக் காலத்து மக்களை அருள்மறை (16:58, 59) வன்மையாகக் கண்டிக்கின்றது. மகவை ஈன்று களைத்துக் கிடப்பவளின் முன் நாம் சுளிக்கும் முகம் பாவம் மட்டுமன்று; அவளை நோயில் தள்ளும் கரமும் ஆகிவிடுகின்றது.

இனி, நீலகிரி மாவட்டத்தின் குந்தா மலைப்பகுதியில் இவ்வாறு வாடும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். குந்தாவின் அருவிகளையும் ஆறுகளையும் அணைகளில் தேக்கி எடுத்த மின்சாரம் தமிழகத்தின் எத்தனையோ ஊர்களுக்கு ஒளி தந்துள்ளது. அம்மலையிலே வாழும் தாயின் மன இருளைப் போக்கும் மருத்துவம் அவளுக்கு அவ்வளவு அருகில் இல்லை. மஞ்சூரிலிருந்து உதகைக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைவழி. கிண்ணக்கொரை போன்ற சிற்றூர்களோ மஞ்சூருக்கும் அப்பால் உள்ளன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய பெருமழையில் மண் சரிந்தால் பாதையே அடைபட்டுவிடும். கொழுந்து பறித்து அன்றாடக் கூலி பெறும் குடும்பத்துக்கு, மருத்துவரைக் காணச் செல்லும் நாள் கூலியை இழக்கும் நாளும் ஆகும். காலில் முறிவு என்றால் கடன் வாங்கியேனும் புறப்படுவோம். மனத்தில் முறிவு என்றால், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகின்றோம். 2015, 2016ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வுற்றோரில் 100க்கு ஏறத்தாழ 85 பேர் சிகிச்சை எட்டாமலே இருந்தனர் என்று கூறிற்று. சமவெளி நகரங்களையும் உட்கொண்ட கணக்கு அது எனில், மலைமுகட்டுத் தாயின் நிலையை நாமே உணர்ந்துகொள்ளலாம்.

தொலைவு மட்டுமே தடையா? நாள் கணக்கும் ஒரு தடையே. நம் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண், நாற்பது நாள் கழிந்து நீராட்டிய பின் கணவன் வீடு திரும்புவது வழக்கம். அன்றோடு பத்தியச் சாப்பாடும், தாயின் அரவணைப்பும், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ளும் கரங்களும் நின்றுவிடுகின்றன. நோயோ நாற்பதாம் நாளோடு நிற்பதில்லை. அதன் பின்னும் தோன்றலாம், மாதக்கணக்கில் நீடிக்கலாம். மார்க்கம் பேறுகால உதிரப்போக்கின் நாட்களில் தொழுகையிலிருந்து அவளுக்கு விலக்கு அளித்துள்ளது. அதன் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாட்கள், ஷாஃபி மத்ஹபில் 60 நாட்கள். தொழ இயலாத அந்நாட்களைத் தன் குற்றமாக எண்ணி அவள் வருந்த வேண்டியதில்லை. திக்ரும் துஆவும் அவளுக்கு என்றும் திறந்தே உள்ளன.

"துஆச் செய்தால் போதாதா? மருத்துவர் எதற்கு?" என்று வினவுவார் சிலர். முதுமை ஒன்றைத் தவிர, மருந்தின்றி எந்த நோயையும் அல்லாஹ் படைக்கவில்லை. ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கின்றார்கள். உடல் நோய்க்கு மட்டும் என்று பெருமானார் அதற்கு வரம்பு கட்டவில்லை. கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தோடு உளநலத்துக்கும் தனிப்பகுதி அமைத்து நூல் இயற்றினார். காரணம் தெரிந்த துயரையும், காரணம் புலப்படாமல் உடலிலிருந்தே எழும் துயரையும் அவர் அன்றே பிரித்துக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் அறிந்ததை இன்று நாம் மறக்கலாமா?

வழியில்லை என்று சோர்வதற்கும் இடமில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. மருத்துவப் பட்டம் பெறாத சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினர். அவர்கள் பேற்றுக்கு முன்னும் பின்னுமாகப் பலமுறை சென்று, பரிவோடு பேசி, குடும்பத்தாரையும் துணைக்கு அழைத்தனர். 2008இல் வெளியான அதன் முடிவு யாது? மகப்பேற்றுக்கு ஆறு மாதங்களுக்குப் பின், அப்பயிற்சி பெற்றோர் சென்று கண்ட தாய்மாரில் 100க்கு 23 பேரிடமே நோய் எஞ்சியது. சாதாரண வருகை மட்டும் பெற்றோரிடையே 53 பேரிடம் எஞ்சியது. மருத்துவர் எட்டாத ஊரில், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பரிவான வருகையே மருந்தாயிற்று. நம் மலையூர்களில் வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தையின் எடையைப் பற்றி மட்டுமன்றித் தாயின் மனத்தைப் பற்றியும் கூறுங்கள்.

அரசின் 14416 என்ற இலவசத் தொலைபேசி மனநல ஆலோசனை 2022 முதல் இயங்கி வருகின்றது, தமிழிலேயே பேசலாம். பாதை அடைபட்ட நாளிலும் இக்குரல் மலையேறி வரும். நேரில் காண, 2022இல் தொடங்கப்பட்ட உதகை அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. மருந்து உண்டால் பாலூட்டலாகாது என்று அஞ்சி நோயை மறைக்காதீர்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. மருத்துவரிடம் கேட்டு உட்கொள்க. மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சமும் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகின்றது. ஆனால் தாய் இல்லாததைக் கண்டதாகவோ கேட்டதாகவோ சொன்னாலும், தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டாலும், ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கணவன்மார்களே! குழந்தையை முன்னிட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்று 2:233ஆம் வசனம் உங்களை நோக்கியே பேசுகின்றது. இரவில் ஒரு வேளையேனும் குழந்தையை நீங்கள் ஏந்திக்கொண்டு அவளை உறங்க விடுங்கள். மாமியார்களே! உங்கள் மருமகளுக்கு ஒரு கவளம் சோறும் ஒரு கனிந்த சொல்லும் சேர்த்துக் கொடுங்கள். ஜமாஅத் பெரியோர்களே! ஜனாஸாவுக்கு ஊரே திரண்டு வருகின்றது. நோயுற்ற தாயொருத்தியை மலையிறக்கி மருத்துவரிடம் சேர்க்க ஒரு வாகனமும் வழிச்செலவும் பள்ளிவாசலின் பொறுப்பில் அமையலாகாதா? வெள்ளிக்கிழமை உரையில் ஒருமுறையேனும் இந்நோயின் பெயரைச் சொன்னால், வாய்விட்டுச் சொல்ல நாணும் பல இல்லங்கள் துணிவு பெறும்.

தனித்திருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு இறைவன் நீரோடையையும் பேரீச்சங் கனியையும் அனுப்பினான். நம் வீட்டுத் தாய்க்கு அவன் அனுப்பிய துணை நாமேயன்றோ? ஈன்றவளின் கண்ணீரை அறியும் உள்ளத்தையும், அதைத் துடைக்கும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.